ஒரு மத்தியான வேலை

லென்ஸ்காரர் என்றால் அந்தத் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பத்தொரு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவர். முன்னறையில் முதலாளி பிரேம் விற்பார், பின்னறையில் இவர் இயந்திரத்துக்கு முன்னால் கால் கடுக்க நிற்பார். சட்டை நெஞ்சில் எப்போதும் லென்ஸ் தேய்க்கிற பொடியின் வெள்ளைச் சேறு தெறித்திருக்கும். கூட்டம் சேர்ந்துவிட்டால் கண் சோதிக்கிற வேலையும் இவர் தலையில்தான் விழும். ஆளை இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெரியுதா? இப்போ தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கேட்பார். தூக்கத்தில்கூடக் கேட்டிருக்கிறார் என்று அவர் பெண்டாட்டி சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கேள்விக்குப் பாதிப்பேர் உண்மை சொல்வதில்லை. பாவம் மனுஷன் இவ்வளவு பாடுபடுகிறாரே, மனசு நோகக் கூடாது என்று, தெரியாவிட்டாலும் "தெரியுது தெரியுது" என்று தலையாட்டுவார்கள். அவர்களைப் பிடிக்க இவரிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. எதிரே இருக்கிற பலகையில் வட்டம் இருக்கும். இவர் ஒன்றும் தெரியாதவர்போல, "அந்தச் சதுரம் தெளிவா இருக்கா?" என்பார். "ஓ, நல்லா இருக்கே!" என்று பதில் வந்தால் ஆள் மாட்டிக்கொண்டார். வேறு லென்ஸ் போட வேண்டியதுதான்.

ஆறு நாள் இப்படி அடுத்தவர் கண்ணுக்கு உழைத்தவர், ஏழாம் நாள் தன் கண்ணுக்கென்று ஒரு காரியம் வைத்திருந்தார். ஞாயிறு விடிந்ததும் கடற்கரைக்குப் போய்விடுவார். கண்ணாடி பதித்த நீச்சல் முகமூடியை மாட்டி, மூச்சு விடுகிற ஸ்நார்க்கல் குழாயை வாயில் கவ்வி, கரையிலிருந்தே இறங்கி, பாறைகள் இருக்கிற பக்கமாக முகத்தைக் கவிழ்த்து மிதப்பார். படகு கிடையாது, கட்டணம் கிடையாது, குளிக்கப் போனமாதிரித்தான். துணைக்கு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த போட்டோக்காரர். தண்ணீரில் தனியாக இறங்கக் கூடாது என்பதால் இரண்டு பேரும் சேர்ந்து போனார்களே தவிர, உள்ளே ஆளுக்கு ஒரு பாறை. இரண்டு மணி நேரம் ஒருத்தர் ஒரு வார்த்தை பேச முடியாது. வாயில்தான் குழாய் இருக்கிறதே! அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மனிதர் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார்.

இப்போது அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், தெருவுக்கெல்லாம் தையலக்கா. பார்வை மைனஸ் ஏழு. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சாணுக்கு அப்பால் இருக்கிற உலகம் கரைந்துபோகும், ஒரு சாணுக்குள் இருப்பதோ எறும்பின் கால் வரைக்கும் தெரியும். ஊசி கோக்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றி, ஊசியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒரே குத்தில் கோத்துவிடுவாள். கடலுக்கு ஆசைப்பட்டவள் அவளும்தான். கல்யாணமான மூன்றாம் வருஷம், மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு நானும் வரட்டுமாங்க? பாப்பாவைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பவர் கண்ணாடி போட்டவங்க தண்ணிக்குள்ள கண்ணைத் திறக்கவே கூடாது. நரம்புக்கு ஆகாது" என்றார்.

புளுகு. பச்சைப் புளுகு. வெறும் புளுகு என்றாலும் பரவாயில்லை, போட்டோக்காரருக்கும் மைனஸ் மூன்று. அதற்கு முந்தின வருஷம்தான் அவருடைய முகமூடிக்குள் இவர் லென்ஸ் தேய்த்து ஒட்டிக் கொடுத்திருந்தார், இதே கையால். கண் விஷயத்தில் புருஷன் சொன்னால் பெண்டாட்டி வேறு யாரிடம் போய் விசாரிக்கப் போகிறாள்? "அப்படியா? எனக்குத் தெரியாதே!" என்று தையலக்கா துணி மடிப்பதைத் தொடர்ந்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சில ஞாயிறுகளில் கூடவே வந்து, துணிப்பையைப் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பாள். "தூரத்துல ரெண்டு குழாய் தெரியும். எது உங்களுதுன்னு தெரியாது. ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டே இருப்பேன்" என்று ஒருமுறை சொன்னாள். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

இப்படி இருபத்திரண்டு வருஷம் போயிற்று. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். போன மழைக்காலம் முடிந்ததும் போட்டோக்காரரும் ஸ்டூடியோவை மூடிவிட்டு, முகமூடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். இரண்டு ஞாயிறு லென்ஸ்காரர் கூண்டில் அடைத்த புலியாக வீட்டுக்குள் நடந்தார். மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள் மனைவியிடம், "நீயும் கடலுக்கு வாயேன். கத்துத்தர்றேன்" என்றார். நல்லா கவனியுங்கள்: மனைவிமேல் திடீரென்று பொங்கிய பாசம் இல்லை இது. துணைக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அக்கா தையல் மிஷினை நிறுத்தினாள். "நரம்புக்கு ஆகாதுன்னீங்களே?"

"அது அந்தக் காலத்து முகமூடி. இப்ப வர்றது நல்லா இருக்கு. பயப்படாதே."

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். அக்காவோ சின்னப் பெண்போல எழுந்துபோய்ப் பழைய சுரிதார் ஒன்றைத் தேடி எடுத்தாள்.

பயிற்சி வீட்டிலேயே தொடங்கியது. துணி அலசுகிற பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, அவருடைய பழைய முகமூடி ஒன்றை அவள் முகத்தில் மாட்டினார்.

"கண்ணாடிக்கு உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்க்கணும். அப்பத்தான் ஆவி படியாது."

"சீ! யார் எச்சில்?"

"உன் எச்சில்தான். வேற யாரைக் கூப்பிட?"

குழாயைக் கவ்வி வாளிக்குள் முகத்தை வைத்தவள் மூன்று தடவை இருமிக்கொண்டு எழுந்தாள். நாலாவது தடவை குழாய் வழியாக மூச்சு சீராக வந்தது. அதைக் கேட்டபோது அவருக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நெருடல். முகமூடிக்குள் மூக்குக்கண்ணாடி நுழையாது. அதைக் கழற்றினால் இவளுக்கு என்ன தெரியும்? லென்ஸ் ஒட்டித் தரலாம்தான். ஒட்டினால், "இவ்வளவுதானா? இதை அப்பவே செஞ்சிருக்கலாமே" என்று கேட்பாளே! மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். தண்ணீருக்குள் எல்லாமே கொஞ்சம் பெரிசாகவும் கிட்டக்கவும்தானே தெரியும், அது போதும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். மைனஸ் ஏழுக்கு அது எந்த மூலைக்குக் காணும் என்று கடையில் எடுபிடி வேலை பார்க்கிறவனுக்குக்கூடத் தெரியும்.

முதல் ஞாயிறு இடுப்பளவுத் தண்ணீரில் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். நகம் பதிந்து அவர் மணிக்கட்டில் நாலு பிறை விழுந்தது. தலையை வெளியே எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தெரியுதா?"

"ஓ, தெரியுதே!"

அந்த ஒரு வார்த்தையில் அவர் நெஞ்சிலிருந்து பெரிய பாறை ஒன்று இறங்கியது. அப்பாடா, சரியாகிவிட்டது. தாமதமானாலும் காட்டிவிட்டோம். இருபத்திரண்டு வருஷக் கணக்கு தீர்ந்தது என்றே நினைத்தார். அடுத்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்டம்மா கடல்ல இறங்கறாங்க, தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டார். மகள் போனில், "அப்பா, அம்மாவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனீங்களாமே! யு ஆர் கிரேட்பா!" என்றபோது மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை.

இரண்டாவது ஞாயிறு அக்கா ஒரே ஒரு விஷயத்தைத்தான் வாய் ஓயாமல் சொன்னாள். "பாறைமேல பூ மாதிரி ஒண்ணு இருந்துச்சுங்க. குட்டியா, ஆரஞ்சு கலர்ல. கிட்டப் போய் விரலை நீட்டினேன், விசுக்குன்னு உள்ள போயிடுச்சு. திரும்ப மெல்ல எட்டிப் பார்க்குது!" பாறையில் ஒட்டி வாழ்கிற ஒரு புழு அது, கட்டை விரல்கூட இருக்காது. முகம் உரசுகிற தூரத்தில் போனால்தான் கண்ணில் படும். சுற்றி நூறு மீன் போனதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று அவருக்குத் தோன்றத்தான் தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு தள்ள முடியவில்லை. பாறைக்கு அடியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன் வந்தது. கருத்த உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, மாவைத் தெளித்ததுபோல. அவர் சுட்டிக்காட்டக் கையைத் தூக்கினார். கை முழுசாக எழும்புவதற்குள் அக்கா வேகவேகமாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருஷம் இருட்டறையில் பார்த்த தலையாட்டல்.

கரைக்கு வந்து துண்டை நீட்டினார். வேண்டாம், கேட்காதே என்று ஒரு மனசு சொன்னது. வாய் கேட்டுவிட்டது.

"அந்தக் கோடு போட்ட மீனைப் பார்த்தியா?"

"பார்த்தேனே! கோடு கோடா, என்ன அழகு!"

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "அதுல கோடே இல்ல."

அக்கா கொஞ்ச நேரம் தலையைத் துவட்டினாள். பிறகு சிரித்துவிட்டாள். "சரி, மாட்டிக்கிட்டேன். கட்டம் போட்டதா?"

"உனக்கு ஒண்ணுமே தெரியலையா? மூணு வாரமா?"

"ஏன் தெரியாம? நீலமா தெரியுது, பச்சையா தெரியுது. நடுவுல என்னமோ ஓடுது. அந்தப் பூவை மட்டும் நிஜமாவே பார்த்தேன். சத்தியமா."

"பின்ன எதுக்குத் தெரியுது தெரியுதுன்னு சொன்னே?"

"தலையைத் தூக்கின உடனே கேக்கறீங்க. அப்படி ஒரு ஆசையா கேக்கற ஆள்கிட்ட எப்படி இல்லைன்னு சொல்றது?" கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு துணிப்பையை உதறினாள். "அதை விடுங்க. கண்ணாடி போட்டவங்களுக்கு இது சரிப்படாதுன்னு நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே. நான்தான் கேக்காம ஆசைப்பட்டுட்டேன். அடுத்த வாரத்துலேர்ந்து கரையிலயே இருக்கேன், என்ன?"

அவள் திட்டியிருந்தால் தேவலை. ஒரு பாட்டம் அழுதிருந்தாலும் தேவலை. இந்த மனுஷி தப்பையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவருக்கு வாயில் எச்சில் ஊறவில்லை. கடலில் இறங்கியவர்போலவே இல்லை, காய்ச்சல்காரர்போல வந்தார்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. செய்ய வேண்டியது என்னவென்று தெரியும். செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். செய்யாமல் விட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அக்கா நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருப்பாள், பொய்யும் அவரோடு சேர்ந்து கட்டையில் போகும். அந்த வழி எத்தனை சுலபம் என்று நினைக்க நினைக்கத்தான் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஊர் முழுக்கப் பார்வை கொடுத்தவன், வீட்டில் ஒருத்தியைக் குருடாக உட்காரவைத்தான். இதற்கு என்ன பெயர்?

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கடையிலிருந்து கொண்டுவந்த அளவுகோலை எடுத்தார். "இப்படி உட்காரு. நேரா என் காதைப் பாரு."

"எதுக்குங்க?"

"கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும்."

"இத்தனை வருஷம் கழிச்சா?" என்று சிரித்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் மூன்று தடவை அளந்தார். அறுபது மில்லிமீட்டர். அவள் போட்டிருந்த கண்ணாடியையும் ஆறு வருஷமாக மாற்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலையில் கடைக்கு அழைத்துப் போய்ச் சோதித்தார். ஏழு இல்லை, ஏழரை.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு வேலையைத் தொடங்கினார். இரட்டைக் கண்ணாடி வைத்த சின்ன முகமூடி ஒன்றைக் காலையிலேயே வாங்கி வைத்திருந்தார். முகமூடிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ள லென்ஸின் முன்பக்கம் பலகைபோலத் தட்டையாக இருக்க வேண்டும், பவர் முழுக்கப் பின்பக்கக் குழியில். இரண்டு வட்டக் கண்ணாடியைத் தேய்த்து, மெருகேற்றி, விளிம்பை வெட்டி, நடுப்புள்ளி குறித்து, காற்றுக்குமிழி விழாமல் பசையில் ஒட்டினார். டீ குடிக்கப் போன முதலாளி எட்டிப் பார்த்தார்.

"போட்டோக்காரருக்குப் பண்ணிக் குடுத்தீரே, அதே மாதிரியா? யாருக்கு?"

"வீட்டுக்கு."

"அட! இத்தனை நாளா பண்ணலையா?" என்று கேட்டுவிட்டு அவர்பாட்டுக்கு முன்னறைக்குப் போய்விட்டார்.

ஐந்து மணிக்குப் பசை காய்ந்துவிட்டது. மூன்று மணி நேரம். அதில் டீ குடித்த நேரமும் சேர்த்தி. முகமூடியைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போதே ஒரு பதிலைத் தயார் பண்ணிக்கொண்டார்: 'இது இப்பத்தான் புதுசா வந்திருக்கு. முன்னாடியெல்லாம் கிடையாது.' நம்பிவிடுவாள். கண் விஷயத்தில் அவர் சொல்லி அவள் நம்பாமல் போனது இல்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். "ஒரே ஒரு தடவை. இதுக்கு மேல கூப்பிட மாட்டேன்" என்று கெஞ்சிக் கூட்டிப்போனார். தண்ணீர் அன்று தெளிந்து கிடந்தது. இடுப்பளவில் நின்று, அவர் நீட்டிய புது முகமூடியை வாங்கி எச்சில் தடவி மாட்டிக்கொண்டவள், எதிரே நின்ற அவரையே விழித்துப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் முகத்தைக் கவிழ்த்தாள்.

அவர் கையைப் பிடித்திருந்த அவள் கை முதலில் இறுகியது. குழாய் வழியாக 'ஊ' என்று ஒரு சத்தம் வந்தது. வாயில் குழாய் இருக்கும்போது கத்தினால் அப்படித்தான் கேட்கும். கீழே மீன் கூட்டம் ஒன்று மொத்தமாகத் திரும்பியது. அவள் கை தளர்ந்தது, பிறகு விட்டேவிட்டது. தானாகக் காலை உதைத்துக்கொண்டு பாறைப் பக்கம் போனாள். மூன்று வாரமாக அவரை ஒட்டிக்கொண்டு மிதந்தவள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பின்னாலேயே போனார். புள்ளி மீன் வந்தது, நீல மீன் வந்தது, மணலோடு மணலாகப் படுத்திருந்த தட்டை மீன் ஒன்று எழுந்து போனது. ஒவ்வொன்றுக்கும் அவள் விரல் நீண்டது. அவருக்குக் காட்டவில்லை, தனக்குத்தானே காட்டிக்கொண்டாள். உதடு நீலம் பாரித்துக் குளிரில் வெடவெடக்கும்வரை அவள் தலையைத் தூக்கவில்லை.

கரையேறி உட்கார்ந்தபோது முகமூடியை நெற்றியில் தள்ளிவிட்டாள். கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போகவில்லை என்பது அவருக்குத் தெரியும், அவர் பொருத்திய முகமூடி அது. அவர் இந்தத் தடவை தெரியுதா என்று கேட்கவில்லை.

"இவ்வளவா?" என்றாள். "இவ்வளவு இருக்கா அங்க?"

"ம்."

"ஒவ்வொரு வாரமும் இதைத்தான் பார்த்தீங்களா?"

"ம்."

முகமூடியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த லென்ஸை விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பசை ஒட்டிய ஓரம்வரைக்கும் பார்த்தாள். தைக்கிறவள், ஒரு வேலையைப் பார்த்தால் அது எப்படி ஆனது என்று அவளுக்குப் புரியும்.

"இதை நீங்களா செஞ்சீங்க?"

"ஆமா."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

மூன்று நாளாகப் பழகி வைத்த வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கூட இருப்பாள்.

"ஒரு மத்தியானம்" என்றார்.

"புதுசா வந்திருக்கற லென்ஸா?"

"இல்ல. எப்பவும் இருக்கறதுதான். போட்டோக்காரருக்கு, பாப்பா பொறந்த மறுவருஷமே செஞ்சு குடுத்திருக்கேன்."

அலை இரண்டு தடவை வந்து அவள் காலை நனைத்துவிட்டுப் போனது.

"அப்ப நரம்புக்கு ஆகாதுன்னு சொன்னது?"

"பொய்."

"ஏன்?"

அவர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இருங்க. என் கண்ணாடியை எடுங்க."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஈரக் கையோடு வாங்கி, துண்டின் காய்ந்த முனையில் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டாள். திரும்பி நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்க."

"உன்னைக் கூட்டிட்டு வர எனக்குப் பிடிக்கல" என்றார் லென்ஸ்காரர். "அந்த ரெண்டு மணி நேரம் யாரும் கூட இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன். நீயும்தான்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.